அம்மா கிணற்றில் இறங்கிய நாள்

எங்கள் மாமாவைப் பற்றிப் பேசும்போது யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கல்யாணமாகும் முன்பே புற்றுநோயில் போன மனிதரை வேறெப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. அப்பா தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலில் கல்லோடு அடியில் இறங்குவார். மேலே வள்ளத்தில் இருந்துகொண்டு அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மாமா. கீழிருந்து கயிறு சுண்டினால் உடனே இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் குளிப்பவருக்கு மூச்சு போய்விடும். அதனால் கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். தன் அக்காவின் தாலி அறுந்துபோக எவன் விடுவான்? சொந்தத் தம்பியை நம்பாத ஆட்களும் மச்சானை நம்பிக் கடலுக்குள் இறங்கினார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் மாமாவின் முழங்காலில் ஒரு வீக்கம் வந்தது. வள்ளத்தில் இடித்துக்கொண்டதாக நினைத்து எண்ணெய் தடவினார்கள், கட்டுப் போட்டார்கள், மாதா கோயிலில் மெழுகால் கால் செய்து காணிக்கை வைத்தார்கள். வீக்கம் யாருக்கும் மசியவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பில் புற்று என்று சொல்லி, பாதித் தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள். எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். மாமா ஊர் திரும்பியபோது தெருவே கூடி நின்று அழுதது.

அவர் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, "இப்பமே அழுது தீத்துராதிய. நான் செத்த பொறவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையிங்க" என்றார். அழுதவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மழை ஓய்ந்து சங்கு குளிக்கிற பருவம் வந்தது. அம்மாவுக்கு வேறு தம்பி கிடையாது. எனவே இந்தத் தடவை சித்தப்பா கயிறு பிடிக்கட்டும் என்று அப்பா முடிவு செய்தார். மாமா அதைக் கேள்விப்பட்டு எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்.

"கயிறு பிடிக்கது கையாலதான அத்தான்? காலாலயா?"

அப்பா கயிற்றைச் சுருட்டித் திண்ணையில் வைத்தார். எதிர்வீட்டு மாமிதான், "பாவம், ஆசைப்படுதான்" என்று உச்சுக்கொட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். காலை எடுத்தபோதுகூட அவர் இப்படி ஆனதில்லை. எனக்கு அந்த மாமியைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். அப்பாவின் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். மறுநுனியை மாமாவின் கையில் திணித்தாள்.

"இவன் பிடிக்கது என் தாலிக்குத்தான? அப்பம் நான்தான் சோதிச்சிப் பாக்கணும். தம்பி, வால கிணத்தடிக்கு."

"ஏளா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று அப்பா பின்னாலேயே ஓடினார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. கிணற்றுச் சுவரில் பதித்திருந்த கற்களில் கால் வைத்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். மாமி சேசுவையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டாள்.

மாமா தரையில் உட்கார்ந்து, இருக்கிற ஒரு காலைக் கிணற்றுச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். அப்பா கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"கிட்ட வராதிய அத்தான்" என்றார் மாமா.

கயிறு சுண்டியது. மாமா இழுத்தார். கடலில் ஆளின் பாரத்தைத் தண்ணீரும் கொஞ்சம் தாங்கும். இங்கே முழுப் பாரமும் அவர் கையில். அம்மா ஒன்றும் ஒல்லி இல்லை. நாளைக்கு எவரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று அவள் ஒரு கல்லிலும் கால் வைக்காமல் பொதி மாதிரித் தொங்கினாள். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வேட்டிக்குள் அந்த அரைத்தொடை வெடவெடவென்று ஆடியது. கை மட்டும் ஆடவில்லை. ஒரு பிடி, இன்னொரு பிடி என்று கயிறு ஏறிக்கொண்டே வந்தது, கடைசியில் அம்மாவின் கொண்டை தெரிந்தது.

அம்மா மேலே ஏறியதும் அப்பாவைப் பார்த்து, "இவன் பிடிக்காத கயித்த நீங்க இடுப்புல கட்டக் கூடாது" என்றாள்.

அப்பா குனிந்து மாமாவின் கட்டையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். பிறகு மாமாவிடம், "காலையில வெள்ளன வந்துருல" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க மாமாதான் பிடித்தார். நோய் நெஞ்சில் இறங்கி இருமல் வந்த பிறகும் துண்டை வாயில் கவ்விக்கொண்டு பிடித்தார். அப்பா ஒருநாளும் மூச்சுமுட்டி மேலே வந்ததில்லை. பருவம் முடிந்து வள்ளத்தைக் கரையேற்றிய பிறகுதான் மாமா பாயில் படுத்தார்; படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்றும் பாவம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது.

ஆனால் கிணற்றடியில் அன்று எல்லோரும் கலைந்துபோன பிறகு நடந்ததுதான் என் மனதைவிட்டுப் போகாமல் இருக்கிறது. அம்மா சொட்டச் சொட்ட நனைந்தபடியே மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கயிறு அவள் இடுப்பிலேயே இருந்தது. மறுநுனி மாமாவின் மடியில் கிடந்தது.

"அவுத்துரு அக்கா, சளி பிடிச்சிரும்" என்றார் மாமா.

"கெடக்கட்டும்ல."

பொழுது சாய்ந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய் முடிச்சில் கை வைத்தேன். அம்மா பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். ஈரத்தில் முடிச்சு இறுகி இடுப்பை அறுக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.