பங்குனிப் பிறை

இந்த வருடம் நோன்புப் பெருநாள் பிறை, சம இராப்பகல் நாளை ஒட்டி வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணினேன். பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி ஓடும். முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆக, முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பங்குனியிலிருந்து ஒரு சுற்று முடிந்துவிட்டது.

நான் ஆரையம்பதியில் கணிதம் படிப்பித்தவன். என் வாசற் படலையிலிருந்து பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் எல்லைக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு காலடி. வானத்துக் கணக்கிலும் எனக்குக் கர்வம் உண்டு. இரவும் பகலும் சமமாகி இருபத்துநாலு நாள் கழித்துத்தான் நம் பஞ்சாங்கம் மேஷம் பிறந்ததென்கிறது என்று சொல்லிச் சொல்லியே, கோயில் ஐயர் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போகத் தொடங்கினார். அதை வெற்றி என்று நினைத்தேன்.

விரும்பிக் கேட்டவர் ஒருவர்தான்: காத்தான்குடி நெசவுக்காரர் மீராலெப்பை. தறி நூலுக்குப் போடும் பாவுக்கஞ்சியின் புளித்த மணம் அவருக்கு முன்னால் வரும். "ஸேர், இண்டைக்குச் சந்திரன் எந்த ராசியில?" என்பார்.

அந்தப் பழைய பங்குனியில், இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்த மாலை, வானமெல்லாம் மப்பு. வாவிக்கரையில் நின்ற மீராலெப்பையும் இன்னொருவரும் மட்டும் மேக இடுக்கில் பிறையைக் கண்டார்கள். பள்ளிவாசலைப் பொறுப்பாக நடத்திய மரைக்கார், பெருநாள் அறிவிக்கத் தயங்கினார். "ஸேர்ட்டக் கேப்பம். அவர்ர கணக்குப் பிழைக்காது" என்று மீராலெப்பைதான் மற்ற இருவரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

பிறை இறங்கும் நேரத்து அட்டவணைப் புத்தகத்தை விரித்துப் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன். "பொழுதுபட்டு இருபத்திரண்டு நிமிசத்தில பிறையும் இறங்கியிருக்கும். அந்த வெளிச்சத்தில மனிசக் கண்ணுக்குத் தெரியாது."

தன்னிலும் மூத்த மீராலெப்பையைப் பார்த்து மரைக்கார் சிரித்தார். "காக்கா, கண்ணாடிய மாத்துங்க. பசியில வெள்ளரிக்கீத்தக் கண்டிருப்பீங்க."

"மேகந்தான் போல" என்று கூடக் கண்டவரும் பின்வாங்கினார்.

"வல்லாஹி, ரெண்டு கண்ணாலயும் கண்டன், ஸேர்" என்று சத்தியம் செய்தார் மீராலெப்பை, என்னை மட்டும் பார்த்து. நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டினேன்.

மறுநாள் ஊர் முப்பதாவது நோன்பு நோற்றது. பிறை கண்டவருக்கோ அது பெருநாள். பெருநாளில் நோற்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியே கஞ்சி குடித்ததை யாரோ கண்டுவிட்டார்கள். அன்றே பெயர் விழுந்தது: பொய்ப்பிறையார்.

நாலாம் நாள் கணக்கைச் சரிபார்த்தேன். சம இராப்பகல் இரண்டு: சூரியன் மீனத்தில் நிற்கும் பங்குனியில் ஒன்று, கன்னியில் நிற்கும் புரட்டாசியில் மற்றது. பங்குனிப் பிறை அடிவானத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். புரட்டாசிப் பிறை சாய்ந்து கீழே கிடக்கும். நான் அட்டவணையில் புரட்டாசி வரியைப் படித்திருந்தேன். சரியான வரிப்படி, பொழுதுபட்டபின் பிறை முப்பத்துநாலு நிமிடம் வானில் இருந்தது; கண்ணுக்குத் தெரிய அது போதும்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஏழு தடவை படலைவரை போனேன். கணித வாத்தியார் வரி மாறிப் படித்தார் என்று ஐயர் சிரிப்பாரே என்று ஏழு தடவையும் திரும்பினேன். பிறகொரு நாள் சந்தையில் மீராலெப்பையே வந்து பேசினார். "நீங்க கணக்கத்தானே சொன்னீங்க, ஸேர். எனக்கு ஒங்களில வருத்தமில்ல." நான் எட்டுக் கத்தரிக்காயை எண்ணிப் பையில் போட்டேன்.

இந்த வருடப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் காத்தான்குடிக்குப் போனேன். மீராலெப்பை இறந்து பதினொரு வருடம்; பிள்ளைகளிடமாவது சொல்ல வேண்டும். தறிகள் இருந்த தெரு முழுக்கப் புடவைக் கடைகள். மூன்று கடைகளில் மீராலெப்பை வீடு எதுவென்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

"வேற பேர் இரிக்கா, ஐயா?" என்றார் நாலாவது கடைக்காரர்.

என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பொய்ப்பிறையார்."

"அத முன்னமே சொல்லலாமே! அந்தப் பச்சைக் கேற் போட்ட வீடு."

அங்கே அவருடைய மகளிடம் வரி மாறியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "ஏன் அந்தப் பேரெண்டு கேட்டா, வாப்பா சிரிச்சிட்டு எழும்பிப் போயிருவார். ஒங்கட பேர ஒரு நாளும் சொல்லல்ல." பிறகு கேட்டார்: "மரைக்காரும் மௌத்தாப் போயிட்டார், கூடக் கண்டவரும் மௌத்து. இனி இத ஆருக்கிட்டப் போய்ச் சொல்றது, ஸேர்?"