நிற்காத மெஷினுக்குக் காசு

என் கணவருக்கு வேலை தெரிந்த அளவுக்குக் காசு கேட்கத் தெரியாது. இதை அவர் எதிரிலேயே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அவரும் ஆயிரம் முறை சிரித்திருக்கிறார். திருப்பூரில் பனியன் தைக்கும் மெஷின்களுக்கு அவர் மெக்கானிக். ஓவர்லாக், பேட்லாக் எதுவானாலும் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். போவார், ஒரு திருகு திருகுவார், மெஷின் ஓடும். அங்கேதான் எங்கள் பிழைப்பில் மண் விழும். "அஞ்சு நிமிச வேலைக்கு நூறு ரூபாயாங்க?" என்று கேட்பார்கள். இவரும் தலையைச் சொறிந்துகொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அதே பகுதியில் இன்னொரு மெக்கானிக் இருந்தார். அவர் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பரப்பி, மூன்று டீ குடித்து, சாயங்காலம் ஒரு வழியாக மாட்டிக் கொடுத்துவிட்டு முழுக் கூலியோடு போவார். "நீங்களும் அப்படி ஒரு மணி நேரம் கழற்றி வைத்துக்கொண்டு உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மெஷின் நின்னா டெய்லருக்குல்லா பிள்ள நட்டம்?" என்றார் அவர்.

அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் அவரே டெய்லராகத்தான் உட்கார்ந்தார். நான் செக்கிங்கில் நின்றேன். டெய்லருக்குப் பீஸ் கணக்கில் கூலி. மெஷின் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். அந்த எரிச்சலில்தான் அவர் ரிப்பேரே கற்றுக்கொண்டார்.

இப்படியே போனால் வாடகை கொடுக்க முடியாது என்றானபோது, ஜோர்டான் பேச்சு வந்தது. அங்கே உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் ஊரிலிருந்து மெக்கானிக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம். இவர் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதே வாரம்தான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை பிறக்கும்போது இவர் பாலைவனத்தில் யாருடைய மெஷினுக்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார், திரும்பி வரும்போது பிள்ளை "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்கும். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். "ஆவணிக்குள்ள இங்ஙன நெலையா ஒரு வருமானம் வந்துட்டா போகல" என்றார். எனக்கு ஐந்து மாதம் கிடைத்தது.

வழி காட்டியவர் கேபிள் டிவிக்காரர் என்றால் சிரிப்பீர்கள். மாதம் பிறந்ததும் நூறு ரூபாய்க்கு வந்து நின்றார். "போன மாசம் பத்து நாள் படமே தெரியல. நான் எதுக்குத் தரணும்?" என்று சண்டைக்குப் போனேன். "பாத்தாலும் பாக்காட்டியும் மாசக் கணக்குங்க" என்று அவர் பாட்டுக்கு ரசீதைக் கிழித்தார். கதவைச் சாத்திய பிறகும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அடுப்படிக்குப் போவதற்குள் யோசனை வந்துவிட்டது. இவரும் ஏன் ரிப்பேருக்குக் காசு வாங்க வேண்டும்? ரிப்பேர் வராமல் பார்த்துக்கொள்வதற்கு மாதக் காசு வாங்கினால் என்ன? ஒரு மெஷினுக்கு மாதம் நாற்பது ரூபாய். வாரம் ஒரு முறை இவரே போய்ப் பார்த்துவிட்டு வருவார். நடுவில் எத்தனை முறை கூப்பிட்டாலும் தனிக் காசு கிடையாது.

முதலில் ஒத்துக்கொண்டது அனுப்பர்பாளையம் போகிற வழியில் எட்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்த ஓர் அக்கா. வெள்ளகோவிலில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். தோட்டம், எருமை எல்லாம் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கம்பெனி அவருடைய சொந்தக்காரர்களுடையது. அக்கா சரி என்றதும் பங்காளி, மச்சாண்டார் என்று பத்துக் கம்பெனிகள் சரி என்றன. அக்கா வேண்டாம் என்றால் பத்தும் வேண்டாம் என்று சொல்லிவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

சித்திரையில் ஆரம்பித்தோம். முதல் மாதம் செல்போன் ஓயவில்லை. தனிக் காசு இல்லை என்றதும் ஊசி முறிந்தாலும் கூப்பிட்டார்கள், நூல் அறுந்தாலும் கூப்பிட்டார்கள். நான் போனையே தூக்கி எறியப் பார்த்தேன். இவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு டெய்லருக்கும் ஊசி மாட்ட, பஞ்சுத் தூசு துடைக்க, எண்ணெய் அளவு பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் மாதம் அழைப்பு பாதியானது. நான்காம் மாதம் போன் செத்தது போலக் கிடந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி பிறந்தது. காசு வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்தார். அக்கா போன மாதத்துக்கும் காசு இல்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். மச்சாண்டார் கம்பெனியிலும் "அக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று இழுத்தார்களாம். இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏஜெண்டு திங்கக்கெழம வரச் சொல்லியிருக்கான்" என்றார்.

அன்று நான் அவரை என்னென்னவோ கேட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "ஒழுங்காப் போனியளா? தினமும் மூணு மணிக்குச் சாப்பிட வாரிய. மத்தியானமெல்லாம் எங்க சுத்துறிய?" என்று கேட்டேன். "வேலைக்குத்தான் போறேன்" என்று மட்டும் சொன்னார். ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறி நானே அக்கா கம்பெனிக்குப் போனேன். சம்பளம் போடுகிற நேரம். அக்கா கட்டிங் டேபிளில் கவர்களை அடுக்கி வைத்திருந்தார். டெய்லர்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க அம்மிணி. இப்படி இருக்கறப்ப எதுக்குங்க பஸ்ஸுல வந்தீங்க?"

அந்த மரியாதையில் என் கோபம் கொஞ்சம் தடுமாறியது. இருந்தாலும் விடவில்லை. "ஏன்க்கா காசு இல்லேன்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க. இப்பெல்லாம் ஒரு மெசினும் நிக்கறதில்லீங்க. ரிப்பேரே இல்லாதப்ப மெக்கானிக்குக்கு எதுக்குங்க காசு?"

"நிக்காம இருக்கத்தானக்கா காசு!"

"அது செரீங்க. ஆனா வாராவாரம் வர்றேன்னு சொன்னாரல்லங்க? நான் இங்கயேதான் இருக்கறேன். கூப்பிட்டப்ப வந்தாருங்க, கூப்பிடாம அவரா வந்து நான் ஒரு நாளும் பாக்கலீங்களே."

நேற்று நான் கேட்ட அதே கேள்விதான். இவர் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாரோ என்று அந்த ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். ஸ்டூலிலிருந்து எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

அப்போது வரிசையில் நின்ற ஒரு டெய்லர், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாயைத் திறந்தார். "அண்ணாச்சி வாரது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க ஒரு மணிக்கு எருமைக்குத் தண்ணி காட்டப் போயிருதிய. அவிய அப்பத்தான வாராவ."

அக்கா கம்பெனியை விட்டு நகர்வது நாளில் அந்த ஒரு மணி நேரம்தான். டெய்லர்களுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். அவர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது இவர் உள்ளே போவாராம். எட்டு மெஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்து, அவர்கள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் கிளம்பிவிடுவாராம். மற்றக் கம்பெனிகளிலும் அவரவர் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போவாராம், அதனால்தான் இவருக்கு மூன்று மணிச் சோறு. ஒருவருக்கும் ஒரு பீஸ்கூடக் குறையக் கூடாது என்பது அவருடைய கணக்கு. அந்த வேலை காசு கொடுப்பவர் கண்ணில் ஒரு முறையாவது பட வேண்டும் என்கிற கணக்கு அவர் மண்டையில் ஏறவே இல்லை. இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு நான் என்னதான் செய்ய?

அந்த டெய்லர் பேச்சோடு நிற்கவில்லை. தன் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை இழுத்து வந்து டேபிளில் கொட்டினார். எல்லாம் வெள்ளைத் துணித் துண்டுகள், உள்ளங்கை அகலம். எண்ணெய் விட்ட பிறகு இவர் கழிவுத் துணியில் தைத்துப் பார்ப்பார். எண்ணெய்க் கறை இல்லாமல் ஒரு துண்டு வருகிற வரைக்கும் தைப்பார். அப்படிச் சுத்தமாக வந்த கடைசித் துண்டை, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற காலுக்கடியில் வைத்துவிட்டு வருவார். வெள்ளைப் பனியனில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அந்தப் பீஸ் வீண் அல்லவா? துடைப்பதற்கு ஆகுமே என்று அந்தப் பெண் வாரா வாரம் எட்டு மெஷினிலிருந்தும் அவற்றை எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். கையில் சம்பளக் கவரோடு எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"நான் ஊட்டுக்குப் போற நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லலாமல்லங்க?" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "தப்பு என்ர மேலதானுங்க. டெய்லருங்க யாரும் இப்பெல்லாம் அட்வான்ஸ் கேக்கறதில்லீங்க. சம்பளம் ஏறியிருக்குதே, எதனாலன்னு நான் ரோசனை பண்ணிப் பாத்திருக்கோணும்."

அங்கேயே போன மாதக் காசை எடுத்து என் கையில் கொடுத்தார். "இனி மாசம் முடிஞ்சு வேண்டாங்க. மாசம் பொறந்ததும் மொதல்லயே வாங்கிக்குங்க. ஏதாச்சும் மெசின் ஒரு நாள் நின்னுதுன்னா அந்த நாளுக்கு மட்டும் கழிச்சுக்கறேன். அவரை நான் இருக்கறப்பவே வரச் சொல்லுங்க" என்றார். பிறகு என் எதிரிலேயே மச்சாண்டாருக்குப் போன் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் முழுதும் கேட்டுவிட்டு, "மெஷின் நின்னா கழிப்பாவளா? அது நியாயந்தான்" என்றார். சந்தோஷத்தில் முகம் மலர்ந்தது அதற்குத்தான், முன்பணத்துக்கு அல்ல. அக்கா இருக்கிற நேரத்தில் போவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் போவேன் என்று நின்றார். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அக்கா மேஜைக்கு மேலே சுவரில் ஒரு கம்பி. சுத்தமாக வந்த எட்டுத் துண்டுகளையும் அவர் வாரா வாரம் அதில் குத்தி வைக்க வேண்டும். மாதம் பிறந்ததும் அக்கா அவற்றைப் பார்த்துவிட்டுக் காசை எடுத்து வைப்பார். பில் புத்தகம் அச்சடிக்கும் செலவு எங்களுக்கு மிச்சம். அடுத்தடுத்த கம்பெனிகளிலும் அதே கம்பி ஏறியது.

திங்கட்கிழமை அவர் ஏஜெண்டிடம் போனார். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

கார்த்திகையில், நல்ல மழையில், மகள் பிறந்தாள். மதியம் ஒரு மணிக்கு. அன்று எந்தக் கம்பெனிக்கும் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாராம். அந்த வாரத்துக்குக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அக்கா கழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த டெய்லரைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். மடியிலிருந்து ஒரு பிள்ளைத் துணியை எடுத்து விரித்தார். அந்தக் கவரிலிருந்த வெள்ளைத் துண்டுகளைத் துவைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, எட்டு டெய்லர்களும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்தார்களாம். அவர் வாரா வாரம் வரவே இல்லை என்று அக்கா நினைத்த நான்கு மாதமும், நான் சந்தேகப்பட்ட நான்கு மாதமும், வரிசை வரிசையாக அதில் இருந்தன. அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்கள் எனக்குச் செய்ததை இன்றுவரை நான் மறக்கவில்லை. அன்றுதான் என் வீட்டுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு தையலைத் தடவினார். "ஏ பிள்ள, இந்தப் பேட்லாக்குல நூல் கொஞ்சம் இறுக்கமா இருந்திருக்கு. நான் கவனிக்கல பாரு."

"மொதல்ல பிள்ளயப் பிடிங்க" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தத் துணியில் வைத்து மகளை வாங்கிக்கொண்டார்.