சவரக்கத்தியும் அக்காவுக்குத்தான்

பிளேடு கன்னத்தைச் சொறியத்தான் லாயக்கு என்பார் அப்பா. ஞாயிறு காலையில் தன் சவரக்கத்தியைக் கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுவார். பிறகு எங்கள் லயத்து வீட்டுக் கதவு நிலையில் தொங்கும் பழைய தோல் வாரை இழுத்துப் பிடித்து, அதில் மேலும் கீழுமாகத் தேய்ப்பார். கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வரவேண்டும். தப்பினால் வார் கிழிந்துவிடும். கித்துல்கலைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டுவதில் பேர் வாங்கிய கை அது.

ஒரு ஞாயிறு, அந்தக் கையே வாரைக் கிழித்துவிட்டது. அப்பா கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தாம்மா, நீ தேயி" என்று கத்தியை அக்காவிடம் நீட்டினார். நானும்தானே பக்கத்தில் நின்றேன்?

அன்றிலிருந்து அவளுக்கு வந்த மவுசு! கத்தியைத் தீட்டுவாள், வாரில் தேய்ப்பாள், தன் கை ரோமத்தில் வைத்துப் பதம் பார்ப்பாள். அப்பா முகத்தில் சவுக்காரம் பூசிச் சவரமும் செய்துவிடுவாள். அவர் சமர்த்தாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எனக்கு வயிறு எரியும்.

"எனக்கும் ஒருவாட்டி தாங்கப்பா."

"அக்கா பாத்துக்குவா. நீ போய்ப் படி."

அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். வந்தது. அந்த ஞாயிறு தலைவாரிக்கொண்டு வாருக்குப் பக்கத்திலேயே நின்றேன். அப்பாவோ தாடியோடு உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தேத்தண்ணீர் குடித்தார். பாதி இடுப்புச் சாரத்தில் சிந்தியது. என்மேல் அவ்வளவு கோபமா என்று அழுகை வந்தது.

சில நாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலுக்கு வந்து அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார். "அவரு வெட்டுற மரமெல்லாம் காயமா இருக்கும்மா. தொரை பாக்கிறதுக்குள்ள பெரியவள வேலைக்கு அனுப்பிருங்க."

திங்கட்கிழமை அம்மா அக்காவின் வெள்ளைப் பள்ளிச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்பா தன் பால்வெட்டுக் கத்தியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். சவரக்கத்தி போதாதென்று இதுவும் அவளுக்கா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வாளியோடு மலையேறப் போனவள், பள்ளிக்குக் கிளம்பிய என்னைப் பார்த்து நின்றாள். அவள் கண் என் புத்தகப்பையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவள் இதையும் கேட்டுவிடுவாளோ என்று, பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.