ஐந்து நிமிடக் கிளாரினெட்

படப்பையில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தன் வீட்டு முன்னறை முழுக்கப் பழைய வாத்தியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1991இல் நான் தாம்பரத்தில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில் போய் அவற்றைத் துடைத்து வைப்பேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் எங்கள் சேரப்பணஞ்சேரி மாதா கோயில் பேண்டின் கிளாரினெட் இருந்தது. கறுத்த மரம். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொண்டுவந்ததாம். கடைசியாக அதை ஊதியவர் என் தாய்மாமா. பேண்டுக்காரர்கள் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட் என்று ஆனதும் ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை. பங்குச் சாமியார் அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் ஸ்பீக்கர் செட் சொல்லியிருந்தார்கள். அக்கா பிடிவாதமாக இருந்தாள். "உன் கல்யாணத்துக்கு நான்தான் ஊதுவேன்னு மாமா என் சின்ன வயசுலேர்ந்து சொல்லிகினு கீறாரு. அவரு ஊதினாத்தான் கோயில் படி எறங்குவேன்."

டாக்டரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போ. ஆனா ஊதக் கூடாது" என்றார். வருஷக்கணக்கில் காய்ந்த மரம். உள்ளே சூடான ஈரக் காற்று போனால் உள்பக்கம் மட்டும் ஊறிப் பிளந்துவிடும். எனக்கும் தெரியும், படித்திருந்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினால் மரம் பழகிக்கொள்ளும் என்பதையும் படித்திருந்தேன். விடாமல் பேசினேன். தினம் ஐந்து நிமிடம், தன் வீட்டில், தன் கண்ணெதிரே என்று ஒப்புக்கொண்டார். விரிசல் விடாமலிருந்தால் கல்யாணத்தன்று பத்து நிமிடம்.

மாமாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்பு உருக்கி வார்க்கிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வருவார். ஊதுமுனையில் பொருத்துகிற ரீட், அந்த மெல்லிய நாணல் பட்டை, ஈரமாக இருந்தால்தான் சத்தம் வரும். அதனால் பஸ்ஸிலேயே அதை வாயில் போட்டு ஊறவைத்தபடி வருவார். வந்ததும் எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். மாமா ஊதுவார். முதல் நாள் வெறும் காற்று. மறுநாள் ஒரு கீச்சல். "இப்படியே போனா பொண்ணு பயந்துகினு உள்ள ஓடிடும் டாக்டரய்யா" என்றார் மாமா.

போகப்போக அந்த ஐந்து நிமிடமே பெரும்பாடாக இருந்தது. நான் காலேஜ் விட்டு பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்வேன். மாமா நாற்காலியில், கிளாரினெட் மடியில் கிடக்கத் தூங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவார்.

"மாமா, டைம் போவுது."

"நீ ஊதறியா? நாள் பூரா கொதிக்கிற இரும்பாண்ட நின்னுட்டு வந்து ஊதிப் பாரு. நெஞ்சுல காத்து கீதான்னு அப்ப தெரியும்."

ஊதி முடித்ததும் துணியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு இழுத்து ஈரம் எடுப்பது என் வேலை. பிறகு லென்ஸை வைத்து மரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். விரிசல் இல்லை. அதைப் பார்த்துத் துள்ளக்கூட அப்போது தெம்பு இருக்காது.

கல்யாணத்தன்று மாமா ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்திருக்க வேண்டும். மாற்று ஆள் வரவில்லை என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். பூசை முடிந்தது. அக்கா மாலையோடு கோயில் படியில் நின்றாள். இறங்கவில்லை.

"எறங்குடி, வெயில் ஏறுது" என்றாள் அம்மா.

"இன்னாம்மா, பொண்ணைப் படியிலயே நட்டு வச்சிட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. டாக்டர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார்.

மாமா யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்னால் வந்து இறங்கினார். யூனிபார்ம், முகமெல்லாம் கரி.

"இவருதான் வித்வானா? கரி மூட்டை எறக்கிகினு வந்தாப்பல கீறாரு" என்றார் பெரியப்பா.

மாமா தலையை மட்டும் ஆட்டினார். வாயில் ரீட் இருந்தது.

டாக்டர் திறந்து நீட்டிய பெட்டியிலிருந்து கிளாரினெட்டை எடுத்து, ரீட்டைப் பொருத்தி ஊதினார். தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த சத்தம். அக்கா படி இறங்கினாள். மாமா முன்னால் நடக்க, டாக்டர் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க அவர் பக்கத்திலேயே நடந்தார். எங்கள் தெருமுனையில் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. டாக்டர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று எனக்கு ஆசை.

வீட்டு வாசல் வந்ததும் மாமாவே ஊதுவதை நிறுத்தினார். "டாக்டரய்யா, டைம் ஆயிடுச்சி இல்ல?"

"ஆயிடுச்சிப்பா."

"அப்பாடா."

கிளாரினெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்தல் நாற்காலியில் சரிந்தார். ஸ்பீக்கர் செட் அலறத் தொடங்கியது. நான் துணியை இழுத்து ஈரம் எடுத்தேன், மரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"விரிசல்?" என்றார் டாக்டர்.

"இல்ல."

அவர் பெட்டியை மூடினார். அக்கா மாலையோடு வந்து குனிந்து மாமாவின் தோளைத் தொட்டாள். "மாமா, சாப்ட்டு தூங்கேன்."

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "ஊதிட்டேன் இல்ல. போம்மா, போயி உக்காரு."