நெட்வொர்க் கற்றுக்கொண்ட லட்சணம்

நெட்வொர்க் ஒழுங்காக ஓடும்வரை நம் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் வாட்ச்மேன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் ஸ்டெல்லா, ஊர் மேல்பட்டாம்பாக்கம். பி.காம். முடித்து, கல்யாணமும் ஆகி, முப்பத்திரண்டு வயதில் கடலூரில் நெட்வொர்க்கிங் கோர்ஸ் சேர்ந்தேன். பாடம் எடுத்த அருள் சாரே தன் கம்பெனியில் வேலையும் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன்.

அழகு பார்த்தேன்

முதல் வேலை, கடலூரில் ஒரு ஜவுளிக்கடை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகி, அழகாகக் கட்டியும் வைத்தேன். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால் தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மொத்தத்தையும் முடக்கிவிடும். அந்தப் பாடம் நடந்த அன்று எனக்கு ஜுரம்.

ஒரே நிமிஷத்தில் எல்லா பில்லிங் கம்ப்யூட்டரும் நின்றுபோயின. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் என்னையே பார்த்தது. அருள் சார் போனில் சொல்லச் சொல்ல, செருகியதைப் பிடுங்கினேன், உயிர் வந்தது. முதலாளி கத்துவார் என்று நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அசிங்கமாத்தாம்மா தொங்குச்சு. ஆனா வேலை ஓடுச்சு."

பலத்த காவல்

கீரப்பாளையத்தில் ஒரு அரிசி ஆலை. அங்கே வைத்த ஃபயர்வாலை, அதாவது கண்டவர் நுழையாமல் தடுக்கும் பெட்டியை, கடலூர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சரிசெய்துகொண்டிருந்தேன். 'வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு விதி எழுதி சேவ் பண்ணினேன். நானும் வெளியில்தான் இருக்கிறேன் என்பது, திரை உறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, வியர்த்து வழிய ஆலைக்குள் நுழைந்தேன். விஷயத்தை மறைக்காமல் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "வச்சவங்களையே உள்ள விடலன்னா, இது ரொம்ப ஸ்ட்ராங்கான சாமான்தாம்மா!"

பரம ரகசியம்

வடலூரில் ஒரு அலுவலகம். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது, எழுதியும் வைக்கக்கூடாது என்று ஊழியர்களுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவர்கள் முன்னாலேயே பதினாறு எழுத்தில் ஒன்றை அடித்துக் காட்டினேன். அடுத்த வாரம் போனால், எனக்கே அது மறந்துவிட்டது. மூன்று முறை தப்பாக அடித்து விழித்துக்கொண்டிருந்தபோது, டீ வைக்க வந்த செல்வி அக்கா கடகடவென்று பதினாறையும் ஒப்பித்தார். "அன்னிக்கு நீங்கதான வாய்விட்டு சொல்லிக்கிட்டே அடிச்சீங்க மேடம்? ஆபீஸுக்கே தெரியும்."

மாடிப்படி

இதைச் சொல்லச் சிரிப்பு வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு சிறு மருத்துவமனை. நோயாளிகளைப் பார்க்க வருபவர்களின் வைஃபையையும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் வேலை. பிரித்தபோது ரத்தப் பரிசோதனை அறையை, தவறுதலாக, வந்துபோகிறவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். ரிப்போர்ட் எதுவும் டாக்டருக்குப் போய்ச் சேரவில்லை. காய்ச்சல் சீசன் வேறு. வராந்தா முழுக்கக் கூட்டம்.

நர்ஸ் மேரி அக்கா ரிப்போர்ட்டுகளைத் தாளில் எழுதி வாங்கி, கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறி இறங்க ஆரம்பித்தார். படியோரம் லேப்டாப்போடு உட்கார்ந்து தவறைத் தேடினேன். ஒவ்வொரு முறை அவர் செருப்புச் சத்தம் கடக்கும்போதும் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு எண் தப்பு. மன்னிப்புக் கேட்கப் போனால், மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளைத் தட்டினார். "உங்க மிஷின் நின்னா நாங்க நடந்துக்குவோம். நாங்க நின்னுட்டா என்னா பண்றதுன்னு அத கொஞ்சம் யோசிங்க."

இத்தனையிலும் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நெட்வொர்க்கில் கோளாறு என்றால், முதலில் நான் கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.