ஒன்பதடி இறக்கை

அறுபது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரு பொம்மை விமானத்துக்காக எட்டு மாதம் சாப்பாட்டு மேசையைப் பிடித்து வைத்திருந்த வீட்டில் நான் வேலை பார்த்திருக்கிறேன். பொம்மை என்று அவர்கள் காதுபடச் சொல்லக் கூடாது. மாடல் என்று சொல்ல வேண்டும். அந்த எட்டு மாதமும் வீட்டுக்கார அம்மா அடுக்களையில் முக்காலி போட்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் ஆகியிருக்கும். கொடைக்கானல் பஜாருக்குக் கீழே சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தேன். கெஸ்ட் ஹவுஸ்களுக்குத் திரைச்சீலை, மெத்தை உறை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம். வட்டக்கானல் போகிற வழியில் பங்களா வாங்கிக் குடியேறியிருந்த ஒருவர் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டார். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரை சார் என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கூட்டாளி ஒரு பல் டாக்டர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். தினமும் காலையில் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சார் சொல்வதற்கெல்லாம் "கரெக்ட்" என்பார்.

அளவெடுக்கப் போன அன்றுதான் அதைப் பார்த்தேன். பால்சா என்ற லேசான மரத்தின் மெல்லிய சட்டங்களால் ஆன கூடு. உடம்பு தனி, இறக்கைகள் தனி. இரண்டு இறக்கையையும் பூட்டினால் முனைக்கு முனை ஒன்பதடி. பெட்ரோலில் ஓடும் இன்ஜின், கையில் வைத்து ஓட்ட ரிமோட். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திருந்தது. கூட்டின் மேல் ஒட்டுவதற்கு ஒரு மஞ்சள் துணி. பின்பக்கம் பசை தடவியிருக்கும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சட்டத்தில் ஒட்டி, சூட்டில் சுருங்கி விறைப்பாக நிற்கும். சார் அதை வால் பகுதியில் ஒட்டிப் பார்த்திருந்தார். இரண்டு இடத்தில் கருகி, மிச்சமெல்லாம் சுருக்கம்.

"உனக்கு அயர்ன் பண்ணத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தையக்காரிகிட்டக் கேக்குற கேள்வியா சார் இது?"

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. ஓரத்தை முதலில் ஒட்ட வேண்டும், நடுவை அப்புறம் சுருக்க வேண்டும், ஒரே பக்கம் சூடு காட்டினால் துணி சட்டத்தையே இழுத்து வளைத்துவிடும். இதையெல்லாம் நான் ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் ஆங்கிலப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் யாராவது வந்தால் சார் என் வேலையைத் தடவிக் காட்டி, "நாங்க கவரிங் முடிச்சுட்டோம்" என்பார். டாக்டர் "கரெக்ட்" என்பார். வாரத்தில் மூன்று நாள் போனேன். கடைசி வரைக்கும் என் பெயரை அவர் கேட்கவில்லை. விமானத்துக்கு மட்டும் பெயர் வைத்து, ஸ்டிக்கர் வெட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

முடிந்ததும் இறக்கைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துப் பார்த்தேன். வலது இறக்கை பலகைபோலப் படிந்து உட்கார்ந்தது. இடதில், முனையின் பின்மூலை மட்டும் ஒரு விரல் கனம் தூக்கிக்கொண்டு நின்றது. முறுக்கிக்கொண்டுவிட்டது. என் வேலைதான், அதை ஒட்டிய அன்றைக்கு மின்சாரம் போய் வந்து, ஒரு பக்கம் சூடு கூடிவிட்டது. அதைச் சரி செய்வதும் பெரிய காரியமில்லை. ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் திருகிப் பிடிக்க, இன்னொருவர் திரும்பத் தேய்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

"சார், இடது ரெக்க முறுக்கிக் கெடக்கு. செத்த புடிங்க, நிமுத்திருவோம்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு உறவுக்காரர்களை வரச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போட வாங்கிய தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிசைன்லயே கொஞ்சம் ட்விஸ்ட் இருக்கும்மா. புக்ல போட்டிருக்கு. நீ துணிய மட்டும் பாரு, ஏரோடைனமிக்ஸ நான் பாத்துக்கறேன்."

"கரெக்ட்" என்றார் டாக்டர்.

டிசைனில் இருந்தால் வலதிலும் இருக்க வேண்டாமா? இதைக் கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு கை பிடிக்கச் சொல்லி நானே நிமிர்த்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மூடிய வாய்க்குள் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். விழட்டும், எல்லோர் முன்னாலும் மூக்கு மண்ணில் குத்த விழட்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளாவரைக்குப் போகிற பாதையில் ஒரு புல்மேட்டுக்குப் போனோம். விமானம் ஒரு ஜீப்பில், உறவுக்காரர்கள் இரண்டு காரில். துணி எங்காவது கிழிந்தால் ஒட்டுவதற்கென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். புல்மேட்டுக்குக் கீழே படிப்படியாகக் கேரட் வயல். நாலைந்து பெண்கள் குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நகரச் சொல்லலாமா என்று ஜீப் டிரைவர் கேட்டார். "அவங்க பாக்கட்டும்யா, வாழ்க்கைல ஒரு தடவ" என்றார் சார்.

டாக்டர் பத்திலிருந்து கீழே எண்ணினார். இன்ஜின் உறுமியது. இந்த உயரத்தில் காற்று மெலிசு என்பதால் நீளமாக ஓடித்தான் கிளம்ப வேண்டுமாம். மேட்டின் விளிம்பு வரை ஓடி, ஒரு வழியாக எழும்பியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் அந்த மஞ்சள் அவ்வளவு அழகாக இருந்தது. நான் ஒட்டிய துணியில் ஒரு சுருக்கம் இல்லை.

ஆனால் எழும்பியதிலிருந்தே அது இடது பக்கம் சாய்ந்தது. சார் ரிமோட்டில் இருந்த குச்சியை வலது பக்கம் தள்ளிப் பிடித்தபடியே ஓட்டினார். நெற்றியில் வியர்வை. உறவுக்காரர்கள் கை தட்டினார்கள். மூன்று சுற்று சுற்றிவிட்டு, இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்ததும் குச்சியால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இடது இறக்கை கீழே போனது, விமானம் அப்படியே புரண்டு கேரட் வயலுக்குள் இறங்கியது.

நிமிர்ந்து பார்த்த பெண்கள் சிதறினார்கள். ஒருத்திக்கு மட்டும் நேரம் போதவில்லை. இறக்கை முனை தோளில் இடிக்க, வரப்பிலிருந்து கீழ்ப்பாத்திக்கு உருண்டு விழுந்தாள்.

எல்லோரும் ஓடினோம். சார்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். போய், விமானத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "இன்ஜின் தப்பிச்சிருச்சு! டாக்டர், இன்ஜின் ஓகே!"

நான் கீழே குதித்து அந்த அக்காவைத் தூக்கி உட்கார வைத்தேன். நாற்பது வயதிருக்கும். கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்து கோணலாகத் தொங்கியது. "டாக்டர், இங்க வந்து பாருங்க" என்று கத்தினேன். அவர் வரப்பு மேலேயே நின்றுகொண்டு, "நான் பல் டாக்டர்மா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அதுதான்.

மேலே இரண்டு காரும் கிளம்பும் சத்தம் கேட்டது. உறவுக்காரர்களுக்குத் திடீரென்று இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. மணி பகல் பன்னிரண்டு.

அக்காவைத் தாங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தபோது ஜீப்பின் பின்பக்கம் நிறைந்திருந்தது. விமானத்தின் உடம்பு, உடையாத வலது இறக்கை, போர்வை சுற்றிய இன்ஜின். சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "துணி சரியா ஒட்டல. அதான் இப்படி ஆச்சு."

"முறுக்கியிருக்குன்னு நான் சொன்னேன்ல சார்?"

"எங்கிட்ட எப்ப சொன்ன?"

நான் பதில் சொல்வதற்குள், என் தோளில் சாய்ந்திருந்த அந்த அக்கா தலையைத் தூக்கினாள். அவள் பார்த்தது சாரை அல்ல, என்னை.

"ஏத்தா, அப்ப ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் ஜீப்புக்குள் கிடந்த இறக்கையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சே வந்து நின்னு வேடிக்க பாத்தியாக்கும்?"

மாதக்கணக்கில் அந்த இரண்டு பேர்மேல் சேர்த்து வைத்திருந்த இளக்காரம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் என் பக்கம் திரும்பியது. அவராவது தெரியாத முட்டாள். நான் தெரிந்தவள்.

ஜீப்புக்குள் ஏறி, அந்த வலது இறக்கையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். "பாத்து, பாத்து! பால்சா மரம்!" என்று சார் கத்தினார். உடம்பையும் தள்ளினேன். அது பாதையில் விழுந்து முதுகு முறிந்தது. இன்ஜினை டிரைவரே எடுத்துப் புல்லில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெரசா ஏத்துங்கக்கா" என்றார். அக்காவைப் படுக்க வைத்து, என் சேலை முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டி, தலையை மடியில் பிடித்துக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரை வந்தேன். வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடித்தாள். நாங்கள் கிளம்பும்போது சாரும் டாக்டரும் ரோட்டில் இன்ஜினோடு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டுப் பிரிக்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். கிளாவரையில் இருந்த வீட்டில் அவளும் அவள் புருஷனும்தான். ஒற்றைக் கையால் சமையல்கூட ஒப்பேற்றிவிடலாம், தலை பின்ன முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் கிளாவரை போய், அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிவிட்டு, துணி அலசிப் போட்டுவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பினேன். முதல் இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நானும் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

மூன்றாவது வாரம், சீவிக்கொண்டிருக்கும்போது, "அது எப்படித்தான் மேல நிக்குது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். இறக்கையின் வளைவு, வாலின் வேலை, முறுக்கு இருந்தால் ஏன் சாயும், வேகம் குறைந்தால் ஏன் விழும். அவர்கள் உரக்கப் படித்ததெல்லாம் என் தலைக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தியே, ஒன்னய என்ன செய்ய?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவள் மறுபடி கேரட் பிடுங்கப் போனாள். மழைக்காலத்தில் அந்த மணிக்கட்டு வலிக்கும் என்று சொன்னாள்.

அடுத்த வருடம் பங்களாவிலிருந்து தோட்டக்காரர் வந்தார். புதுப் பெட்டி வந்திருக்கிறதாம், இந்தத் தடவை பதினோரு அடியாம், துணி ஒட்ட சார் வரச் சொன்னாராம்.

"எனக்கு வேற சோலி கெடக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

பொய் இல்லை. ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு இருபத்திரண்டு ஜன்னல் திரை பாக்கி இருந்தது. அவர் போனதும் மெஷினில் நூல் கோத்து உட்கார்ந்தேன்.