கூண்டு விழுந்த பகல்

எனக்கு அப்போது பதினெட்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம். திருத்தணி மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் வேலை. இரண்டு நாள் டூட்டி, ஒரு நாள் வீடு. அவர் இல்லாத நாட்களில் நானும் அவருடைய அக்காவும் மட்டும்தான்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர். என்னிடம் நேராக முகம் பார்த்துப் பேசமாட்டார். "அரிசி களைஞ்சாச்சா," "தெருக் கதவு சாத்தியாச்சா," என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். நான் பொதட்டூர்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் நாலு தறி. விடிந்தால் தறிச் சத்தமும் பேச்சும் சிரிப்பும்தான். இங்கே கல்யாணமான ஒரு வருஷத்தில் நான் தெருவாசல் தாண்டியது மலைக்குப் போன இரண்டு முறைதான். அம்மா வீட்டுக்கு ஒரு தடவை போய் வரட்டுமா என்று கேட்டபோது, "ஏழாம் மாசம் எப்பிடியும் போவணும். இப்ப இன்னா அவசரம்?" என்று அக்கா முடித்துவிட்டார்.

யுத்தக் காலம். அரிசி ரேஷனில்தான் வரும். அதையும் குரங்குகள் விடவில்லை. ஓட்டைப் பெயர்த்து உள்ளே இறங்கி, பானையைக் கவிழ்த்து, தின்றது போக மிச்சத்தை இறைத்துவிட்டுப் போயின. மூன்றாவது முறை அப்படி நடந்ததும் அக்கா தச்சரை வரவழைத்தார்.

"அடிக்கக் கூடாது. அனுமாரு. புடிச்சி வண்டில ஏத்தி நகரி மலைப் பக்கம் உட்டுட்டு வந்துடலாம்," என்றார்.

தச்சர் வேல மரச் சட்டங்களால் ஒரு கூண்டு செய்து கொடுத்தார். பெரிய ஆடு ஒன்று நிற்கலாம். கதவு மேலும் கீழும் நகரும். அதைத் தூக்கி நிறுத்திய கயிறு உள்ளே ஒரு முளையில் மாட்டியிருக்கும். அந்த முளையில் தொங்கும் வாழைப்பழத்தை இழுத்தால் கயிறு நழுவிக் கதவு விழுந்துவிடும். கதவின் தலையில் தூக்குவதற்கு ஓர் இரும்பு வளையம். கூண்டை முற்றத்தில், அறை ஜன்னலுக்கு எதிரே வைத்தோம்.

சித்திரை மாதம். கணவர் காலை வண்டிக்குப் போன பிறகு, நானும் அக்காவும் முற்றத்தை ஒட்டிய அறையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தோம். தடால் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் கூண்டுக்குள் ஒரு பெண் குரங்கு. அதன் குட்டி வெளியே நின்றுவிட்டது. தாய் உள்ளேயிருந்து கத்த, குட்டி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே கத்தியது.

அக்கா அறையை விட்டு இறங்கி ஓர் அடி வைத்திருப்பார். கூரையிலிருந்து ஒரு கடுவன் குரங்கு குதித்து அவர் புடவையைப் பிடித்து இழுத்தது. முந்தானையைக் கிழித்துக்கொண்டு அவர் உள்ளே ஓடி வந்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கூரையிலும் கிணற்றுச் சுவரிலும் முப்பது நாற்பது குரங்குகள் குந்தியிருந்தன.

அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. தெருக் கதவு முற்றத்துக்கு அந்தப் பக்கம், உள்ளே தாழ் போட்டிருந்தது. அக்கா கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் வந்து கதவைத் தட்டினார்.

"உள்ள தாழு போட்டு கீதும்மா. சுவரு ஏறலாம்னு பாத்தா அதுங்க மேல பாயுதுங்க. உன் தம்பி எப்ப வருவாரு?"

"நாளைக்கு ராத்திரிதான்," என்றார் அக்கா.

உச்சி வெயில் ஏறியது. ஓட்டின் சூடு தலைக்கு மேல் இறங்கியது. தண்ணீர் ஒரு சொம்புதான் இருந்தது. அக்கா எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் கொஞ்சம் குடித்தேன். மறுபடியும் அவர், மறுபடியும் நான். மூன்றாவது முறை சொம்பு கைக்கு வந்தபோது பார்த்தேன், தண்ணீர் நான் வைத்த அளவிலேயே இருந்தது. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அக்கா, நீங்க குடிக்கவேயில்லியே."

"எனக்குத் தாகமில்ல. ரெண்டு உசுருக்குக் குடி."

எனக்கு மூச்சு முட்டியது. அந்த அறை என்று இல்லை, அந்த வீடே ஒரு வருஷமாக அப்படித்தான் முட்டிக்கொண்டிருந்தது. அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூண்டுக்குள் தாய் கத்துவதை நிறுத்தியிருந்தது. மார்பைச் சட்டங்களின் இடைவெளியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டி வெளியே தொற்றிக்கொண்டு வாயை வைத்துப் பார்த்தது. எட்டவில்லை. நழுவி விழுந்தது. மறுபடி ஏறியது.

அக்கா என் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பால் கட்டிகினா எப்பிடி வலிக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

அவருக்கு ஒரு குழந்தை இருந்தது என்பதையே அன்றுதான் அறிந்தேன். மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை. அக்கா மூலையில் சாத்தியிருந்த முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை எடுத்தார்.

"ஏம்மே, இந்தப் பக்கம் புடி."

துரட்டியை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நீட்டி, அதன் கொக்கியைக் கூண்டுக் கதவின் வளையத்தில் மாட்டப் பார்த்தோம். நாலு தடவை நழுவியது. கடுவன் வந்து கழியைப் பிடித்து உலுக்கியது. ஐந்தாவது தடவை மாட்டியது. இருவரும் அடிப்பக்கத்தைக் கீழே அழுத்த, கதவு மேலே எழும்பியது. தாய்க் குரங்கு வெளியே வரவில்லை. எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது.

"நம்பளப் பாத்துதான் பயப்படுது. குந்து," என்றார் அக்கா.

கழியை விடாமல் ஜன்னலுக்குக் கீழே குந்தினோம். இனி வெளியே நடப்பது எதுவும் தெரியாது. கழியின் கனம் மட்டும்தான். என் பிடி நழுவப் பார்த்தது. அக்கா தன் கையை என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்து ஓட்டில் தடதடவென்று சத்தம் எழுந்தபோதும் நாங்கள் எழவில்லை. தோள் மரத்துப்போய்க் கழி நழுவி, கதவு விழுந்த பிறகுதான் எட்டிப் பார்த்தோம். கூண்டு காலியாக இருந்தது. முற்றத்தில் ஒன்றையும் காணோம்.

அக்கா நேராகக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, வாளியிலேயே வாய் வைத்துக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ராத்திரி கணவர் வந்து, "மாட்டலியா?" என்று கேட்டார்.

"மாட்டிச்சி. உட்டுட்டோம்."

"ஏன்க்கா?"

அக்கா சோறு போட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

குரங்குகள் அந்த வாரமே திரும்ப வந்தன. ஓட்டின்மேல் முள் வெட்டிப் போட்டோம், அரிசிப் பானையைக் கட்டிலுக்கடியில் வைத்தோம். அப்படியும் பாதி நாள் கேழ்வரகுக் கூழ்தான்.

எனக்கு ஏதோ மாறிவிடும் என்று இருந்தது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அம்மா வீட்டுக்கு ஏழாம் மாசம்தான் அனுப்பினார்கள். ஒன்று மட்டும், அக்கா சுவரைப் பார்த்துப் பேசுவது நின்றுபோயிற்று. ஏதாவது வேண்டுமென்றால் என்னைப் பார்த்தே, "ஏம்மே," என்பார். மகளைப் பெற்று மூன்றாம் மாதம் திரும்பி வந்தபோது, தெருவாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு, மார்போடு அணைத்தபடி உள்ளே போய்விட்டார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க் கதவைச் சாத்தினேன்.